பழைய கணினிக்கு இலவச மென்பொருள்: எதைப் போடுவது, எதை எடுப்பது?

வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்துவரும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவரிடம் இருப்பது 2011இல் வாங்கிய மேசைக் கணினி. கோர் 2 டியோ பிராசசர், 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்து வந்தால்தான் திரை வேலைக்குத் தயாராக இருக்குமாம். குரோம் இனி புதுப்பிக்க முடியாது என்கிறது. சில தளங்கள் திறக்கவே மாட்டேன் என்கின்றன. தம்பி மகன் ஒரு நாள் வந்து, வேகத்தைக் கூட்டும் என்று சொல்லி ரெஜிஸ்ட்ரி கிளீனர், ரேம் பூஸ்டர், டிரைவர் அப்டேட்டர் ஆகியவற்றையும், ஏற்கெனவே இருந்த ஆன்டிவைரஸோடு இன்னொரு ஆன்டிவைரஸையும் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். மகன், "தூக்கிப் போடும்மா" என்கிறார். வாசகிக்கு மனம் வரவில்லை, புதிது வாங்க இப்போது பணமும் இல்லை. இத்தனை வருட வேலையும் அந்த வட்டில்தான் இருக்கிறது, அதில் பாதி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்.

அவர் கேட்பவை மூன்று. பழைய கணினிக்கு ஏற்ற நல்ல இலவச மென்பொருள்களின் பட்டியல் வேண்டும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்று படித்திருக்கிறார், ஆனால் அதற்கு 64 பிட் கணினி வேண்டுமாம், தன் கணினி 32 பிட் என்று காட்டுவதால் அந்த வழி அடைபட்டுவிட்டதோ என்று சந்தேகம். கடைசியாக, இலவசமாக எடுத்த மென்பொருளை வைத்துச் சம்பாதிப்பது தப்பில்லையா என்று மனம் உறுத்துகிறது. போகிற போக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது: ஆபீஸ் 2010ஐத் தம்பி மகன், உரிமம் வாங்காமலே இயங்கச் செய்யும் ஏதோ 'ஆக்டிவேட்டர்' வைத்து ஓட வைத்தாராம்.

அன்புள்ள சகோதரிக்கு,

பட்டியல் கேட்டீர்கள், தருகிறேன், ஆனால் கொஞ்சம் பின்னால். உங்கள் கணினியில் குறைவது மென்பொருள் இல்லை. ரேம் குறைவு. வட்டு மெதுவானது. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. இந்த மூன்றையும் அப்படியே விட்டுவிட்டு மேலே எதை ஏற்றினாலும் உங்கள் தம்பி மகன் செய்ததைத்தான் நாமும் செய்வோம். அவரைக் குறை சொல்லவில்லை, நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார். வேகம் கூட்டும் மென்பொருள் என்று விளம்பரப்படுத்தப்படுபவற்றை நம்பாமல் இருக்கக் கொஞ்சம் அனுபவம் வேண்டும், அவ்வளவுதான்.

எதையும் தொடுவதற்கு முன் வட்டு

இத்தனை வருடம் சுழன்ற ஹார்டு டிஸ்க் எந்த நாளும் நின்றுபோகலாம். கணினி திறக்க இவ்வளவு நேரம் எடுப்பதற்கு வட்டின் நோயே காரணமாகவும் இருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சின்ன இலவசக் கருவி, வட்டு தானே குறித்து வைத்திருக்கும் உடல்நிலைக் கணக்கைப் படித்துக் காட்டும். மேலே நீல நிறத்தில் 'குட்' என்று வந்தால் சரி. மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் அன்றைக்கு வேறு எந்த வேலையும் வேண்டாம், கோப்புகளை வெளியே நகல் எடுப்பதுதான் வேலை. இந்த நிலையில் டிஃப்ராக் (வட்டில் சிதறிய கோப்புத் துண்டுகளை ஒழுங்குபடுத்துவது) செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. நலிந்த வட்டை மணிக்கணக்கில் ஓடவிடுவது அதன் முடிவைச் சீக்கிரப்படுத்தும்.

வட்டு நன்றாக இருந்தாலும் நகல் எடுங்கள். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் ஒரு பிரதி, முக்கியமானவற்றுக்கு வேறொரு இடத்தில் இன்னொரு பிரதி. எடுத்த கையோடு நாலைந்து கோப்புகளை வேறு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை. மறந்துபோகும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: 'ஃபான்ட்ஸ்' கோப்புறையில் இருக்கும் பாமினி முதலான பழைய எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து எடுங்கள். அவை இல்லாமல் ஆவணத்தை மட்டும் காப்பாற்றினால், திறக்கும்போது திரை முழுக்க ஆங்கில எழுத்துகள் உளறலாக நிற்கும்.

நீக்க வேண்டியவை

ரேம் பூஸ்டர் என்ன செய்கிறது தெரியுமா? ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்கள் பிடித்து வைத்திருக்கும் நினைவகத்தை வலுக்கட்டாயமாக வட்டுக்குத் தள்ளிவிட்டு, 'இவ்வளவு ரேம் விடுவிக்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் காட்டும். அடுத்த நொடி நீங்கள் உலாவியைத் தொட்டதும் அத்தனையும் மெதுவான வட்டிலிருந்து திரும்பி வந்தாக வேண்டும். எண் அழகாகிறது, வேலை தாமதமாகிறது.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு. அதைத் துடைக்கும் ரெஜிஸ்ட்ரி கிளீனரால் வேகத்தில் தெரியும்படி லாபம் எதுவும் இல்லை. தவறான ஒரு பதிவை அது அழித்துவிட்டால் விண்டோஸ் திறக்காமலே போகலாம். இந்த வகையை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. டிரைவர் அப்டேட்டர் அதைவிட ஆபத்து: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரை (கணினியின் பாகங்களை இயக்கும் மென்பொருளை) மாற்றி, ஒலியையோ நெட்வொர்க்கையோ முடக்கிவிட்டுப் போகும். பேர் பெற்ற மென்பொருளாக இருந்தாலும் கணினியின் ஆழத்தில் கைவைக்கும் கருவியை யோசித்துத்தான் போட வேண்டும். 2017இல் சிசிகிளீனரின் 5.33ஆம் பதிப்புக்குள், தயாரித்த நிறுவனத்துக்கே தெரியாமல், தாக்குதல்காரர்கள் தீநிரலைப் புகுத்தினார்கள். அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஒழுங்காக எடுத்தவர்களுக்கும் அதுதான் போய்ச் சேர்ந்தது.

இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்பது பலரும் நினைப்பதுதான். ஒரே வாசலில் நிற்கும் இரண்டு காவல்காரர்கள், வருகிறவர்களை விட்டுவிட்டு ஒருவர் சட்டைப்பையை ஒருவர் சோதித்துக்கொண்டிருப்பதைப் போல, ஒன்று திறக்கும் கோப்பை மற்றது மறித்துப் பரிசோதிக்கும். 2 ஜிபி ரேமில் இது தாங்காது. ஒன்றை நீக்குங்கள்.

அப்புறம் அந்த ஆக்டிவேட்டர். உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன இதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 'நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்' என்று கேட்கும். ஆளைத் தெரியாத ஒருவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, நிர்வாகி அதிகாரத்தையும் கையில் கொடுப்பதற்குச் சமம் அது. உள்ளே வேறு என்ன வந்து உட்கார்ந்தது என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல வழி இல்லை. போதாதற்கு, ஆபீஸ் 2010க்கான ஆதரவும் 2020 அக்டோபரில் முடிந்துவிட்டது. இந்தக் கணினியில் நீங்கள் தட்டச்சு செய்த மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான சாதனத்திலிருந்து, முடிந்தால் இன்றே, மாற்றிவிடுங்கள்.

விண்டோஸ் 7இலேயே இருக்கலாமா?

இணையத்தைத் துண்டித்துவிட்டு, தட்டச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்வதானால் இருக்கலாம். இணைப்போடு, வாடிக்கையாளரின் ஆவணங்களை வைத்துக்கொண்டு? வேண்டாம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகம் முழுக்கக் கோப்புகளைப் பூட்டியது நினைவிருக்கலாம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்துவிட்டது. திருத்தத்தைப் போடாத கணினிகள்தான் மாட்டின, அவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. இப்போது அந்தத் திருத்தமே வருவதில்லை என்னும்போது நிலைமையை நீங்களே எடை போடலாம். குரோம், விண்டோஸ் 7க்கு 109ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. ஃபயர்ஃபாக்ஸில் நீண்டகாலத் திருத்தங்கள் தரும் 115 ஈஎஸ்ஆர் வரிசைதான் கடைசி. மொசில்லா அதன் ஆயுளைப் பலமுறை நீட்டித்தது என்றாலும் அது நிரந்தரம் இல்லை. லிப்ரே ஆபீஸும் 25.8ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 7ஐக் கைவிட்டுவிட்டது.

விண்டோஸ் 10க்குப் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். அதன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. தவிர, 2 ஜிபியில் அது மூச்சு வாங்கும். விண்டோஸ் 11ஐக் குறுக்கு வழியில் ஏற்றிக் காட்டும் வீடியோக்களை நம்ப வேண்டாம். 24எச்2 பதிப்பிலிருந்து அது கேட்கும் சில கட்டளைகள் கோர் 2 டியோ சிப்பிலேயே கிடையாது. எந்தத் தந்திரமும் அதைக் கொண்டுவர முடியாது. ஆக, மிச்சம் இருப்பது லினக்ஸ்.

அந்த 32 பிட் குழப்பம்

நீங்கள் பார்த்த '32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம்' என்ற வரி, நிறுவப்பட்டிருக்கும் விண்டோஸைப் பற்றியது, கணினியைப் பற்றியது இல்லை. அந்தக் காலத்தில் 64 பிட் பிராசசர் உள்ள கணினியிலும் 32 பிட் விண்டோஸைப் போட்டு விற்பது மிகச் சாதாரணம். கோர் 2 டியோ வரிசை முழுவதும் 64 பிட்தான். உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டுமானால் கன்ட்ரோல் பேனலில் 'பெர்ஃபார்மன்ஸ் இன்ஃபர்மேஷன் அண்ட் டூல்ஸ்' பகுதியில் விரிவான விவரத்தைத் திறந்தால், '64 பிட் கேப்பபிள்' என்பதற்கு நேராக 'யெஸ்' என்று இருக்கும். எனவே வழி அடைபடவில்லை.

நான் உங்களுக்குச் சொல்வது லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட், அதிலும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. விண்டோஸ் 7 பழகிய கைக்கு அதன் மெனுவும் கீழ்ப்பட்டியும் அன்னியமாகத் தெரியாது. 22ஆம் வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். குறைந்தபட்சம் 2 ஜிபி, வசதியாக ஓட 4 ஜிபி என்று மின்ட் குழுவே சொல்கிறது. ரேம் ஏற்ற வழியே இல்லையென்றால் எம்எக்ஸ் லினக்ஸையோ, அதைவிடச் சிக்கனமான ஆன்டிஎக்ஸையோ பாருங்கள். ஆன்டிஎக்ஸ் ஓடும், ஆனால் முகம் கொஞ்சம் கரடுமுரடு. உங்களுக்கு அது முதல் தேர்வாக இருக்க வேண்டாம். குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸும் இலவசம்தான், ஆனால் 4 ஜிபி கேட்கும், கிட்டத்தட்ட எல்லா வேலையும் உலாவிக்குள்தான். மொழிபெயர்ப்புக்கு எனக்கு அது உகந்ததாகத் தெரியவில்லை.

லினக்ஸை நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. தம்பி மகனின் லேப்டாப்பில் மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை (இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, ரூஃபஸ் என்ற இலவசக் கருவியால் 8 ஜிபி பென் டிரைவில் எழுதச் சொல்லுங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழியும் என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். எழுதும் முன் இறக்கிய கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ256 எண்ணைத் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிட வேண்டும். 7-ஜிப் இருந்தால் வலது கிளிக்கிலேயே அந்த எண் வரும். வெட்டி வேலை என்று தோன்றலாம். ஆனால் 2016 பிப்ரவரியில் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே புகுந்து, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். தளத்தில் இருக்கும் எண்ணையும் சேர்த்து மாற்றிவிட்டால் இந்த ஒப்பீடு பிடிக்காதுதான், ஆனால் கோப்பு மட்டும் மாறியிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு பென் டிரைவைச் செருகி, கணினி உயிர்பெறும்போதே எஃப்12 விசையை (சில கணினிகளில் எஃப்11, எஃப்8 அல்லது எஸ்கேப்) அழுத்தி, அதிலிருந்து துவக்குங்கள். மின்ட் முழுதாகத் திறக்கும், உங்கள் ஹார்டு டிஸ்க்கில் ஓர் எழுத்துகூட மாறாது. மேசையில் இருக்கும் 'இன்ஸ்டால்' சின்னத்தை மட்டும் தொடாதீர்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாகத்தான் இருக்கும், வேகத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பார்க்க வேண்டியவை வேறு: இணையம் வருகிறதா, ஒலி கேட்கிறதா, பிரின்டர் ஒரு பக்கம் அடிக்கிறதா, ஸ்கேனர் இருந்தால் படிக்கிறதா, உங்கள் பழைய ஆவணங்கள் சில திறக்கின்றனவா. பழைய பிரின்டர்களில் சில லினக்ஸோடு ஒத்துப்போகவே மாட்டா. அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பணம் போடுவதானால் எங்கே?

இலவச மென்பொருள் பற்றிய கேள்விக்குச் செலவைச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். இந்தக் கணினிக்கு இரண்டு சிறு செலவுகள் எந்த மென்பொருளாலும் தர முடியாத வேகத்தைத் தரும். ஒன்று ரேமை 4 ஜிபி ஆக்குவது. உங்கள் மதர்போர்டு டிடிஆர்2 வகையா, டிடிஆர்3 வகையா என்று சிபியு-இசட் கருவி காட்டிவிடும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, டிடிஆர்2 என்றால் பழையது கிடைக்கும் இடத்தில் தேட வேண்டியிருக்கும். இன்னொன்று ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகச் சின்ன சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பகுதி இல்லாத வேகமான சேமிப்பகம். 120 அல்லது 240 ஜிபி போதும். பழைய போர்டு அதன் முழு வேகத்தையும் தராது, இருந்தாலும் குளித்துவிட்டு வரும் நேரம் ஒரு நிமிடத்துக்குள் சுருங்கிவிடும். ஒன்றுதான் முடியும் என்றால்? 2 ஜிபியில் இன்றைய உலாவி திணறும், வட்டின் வேகம் அதைக் கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான். நானாக இருந்தால் ரேமை முதலில் வாங்குவேன்.

எஸ்எஸ்டி வாங்கினால் இன்னொரு நன்மை. லினக்ஸைப் புது எஸ்எஸ்டியில் நிறுவும்போது பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி அப்படியே வெளியே வைத்துவிடலாம். எதுவும் அழியாது. பிடிக்கவில்லையென்றால் பழையதை மாட்டினால் விண்டோஸ் 7 பழையபடி திறக்கும். லினக்ஸ் போடப் போய் எல்லாம் போய்விட்டது என்று அழுகிறவர்கள் பெரும்பாலும் இருக்கும் ஒரே வட்டில், நிறுவும்போது வரும் கேள்வியைப் படிக்காமல் 'சரி' அழுத்தியவர்கள்.

செலவுக்கு ஓர் எல்லையும் வைத்துக்கொள்ளுங்கள். ரேம், எஸ்எஸ்டி, கூலி எல்லாம் சேர்ந்து புதிய எளிய கணினி விலையில் நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறுத்துங்கள். மதர்போர்டில் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலும் நிறுத்துங்கள். அந்த இடத்தில் உங்கள் மகன் சொல்வதுதான் சரி.

இலவசம் என்றால் திருட்டா?

உங்கள் உறுத்தலை மதிக்கிறேன். ஆனால் அது இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. லிப்ரே ஆபீஸையும் ஃபயர்ஃபாக்ஸையும் நினைத்துத் தயங்குகிறீர்கள். உரிமம் இல்லாமல் ஓடும் ஆபீஸ் 2010 தினமும் உங்கள் மேசையில் இருக்கிறது!

விலை இல்லாத மென்பொருள்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் நிறுவனம் மூலநிரலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பயன்பாட்டை மட்டும் இலவசமாகத் தரும். இவற்றில் பல 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்ற நிபந்தனையோடு வரும். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் கருவிகள், சில ஆன்டிவைரஸ்களின் இலவசப் பதிப்புகள் இப்படி. நீங்கள் ஊதியம் பெறும் வேலை செய்வதால் இந்த வகையில் உரிமத்தைப் படித்துத்தான் போட வேண்டும். இன்னொரு வகை கட்டற்ற மென்பொருள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்திலிருந்து வளர்ந்த மரபு இது. எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம் என்பது அதன் முதல் உரிமை, சம்பாதிப்பதும் அதில் அடக்கம். நகல் எடுத்து மகனுக்குக் கொடுக்கலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். மின்ட், லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி, 7-ஜிப் எல்லாம் இந்தப் பக்கம். முடிந்தபோது ஒரு சிறு நன்கொடை அனுப்பினால் மகிழ்வார்கள், அனுப்பாவிட்டால் குற்றம் இல்லை.

ஆபீஸ் விஷயத்தில் சட்டத்தைத் தாண்டியும் ஒன்று உண்டு. வாடிக்கையாளர்கள் தங்கள் ஆவணங்களை ரகசியமாக வைத்திருப்பீர்கள் என்று நம்பித் தருகிறார்கள், சிலர் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவார்கள். ஆக்டிவேட்டர் வழியே ஒரு கோப்பு கசிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், தம்பி மகன் இல்லை.

உங்கள் வேலைக்கு இவ்வளவு போதும்

எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபீஸ், மின்ட்டோடு கூடவே வந்துவிடும். ஓப்பன் ஆபீஸ் என்ற பெயரில் எங்காவது கண்ணில் பட்டால் தாண்டிப் போங்கள். 2014இல் வந்த 4.1க்குப் பிறகு அதில் சிறு திருத்தங்கள்தான், வளர்ச்சி எல்லாம் 2010இல் அதிலிருந்து பிரிந்த லிப்ரே ஆபீஸில். வாடிக்கையாளர் அனுப்பும் டாக்எக்ஸ் கோப்பு திறக்கும், 'டிராக் சேஞ்சஸ்' திருத்தங்களும் ஓரக் குறிப்புகளும் அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் போய்வரும். பக்க அமைப்பு சிலசமயம் நகரும். பெரும்பாலும் எழுத்துரு இல்லாததுதான் காரணம். காலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கேலடியா என்ற எழுத்துருக்கள் அதே அகலத்தில் செய்யப்பட்டவை, அவற்றைப் போட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். மிகச் சிக்கலான அட்டவணைகள் கொண்ட கோப்பை மட்டும், அனுப்பும் முன் வேறொரு கணினியில் வேர்டில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது. ஒமேகாடி என்ற கட்டற்ற மென்பொருளையும் ஒருநாள் எட்டிப் பாருங்கள். முன்பு மொழிபெயர்த்த வாக்கியத்தை நினைவில் வைத்து எடுத்துத் தரும். 4 ஜிபி ரேம் வந்த பிறகு போதும், அவசரம் இல்லை.

தமிழ்த் தட்டச்சு லினக்ஸில் வருமா என்று பயந்திருக்கிறீர்கள். ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, பழைய தட்டச்சுப்பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை மூன்றும் கிடைக்கும். பாமினி கோப்புகளுக்கு, நகல் எடுத்து வைத்த எழுத்துருவை லினக்ஸில் இரட்டை கிளிக் செய்து நிறுவினால் முன்போலவே திறக்கும். இனி எழுதுவதை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் எழுதுங்கள். பழையவற்றில் தேவைப்படுவதை மட்டும் மாற்றி மூலத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிகள் பொதுவாக நன்றாகச் செய்யும், ஆனால் நடுவில் ஆங்கிலச் சொற்கள் வந்தால் அவற்றையும் தமிழ் என்று எண்ணிக் குழப்பிவிடும். மெய்ப்புப் பார்ப்பவரான உங்களுக்கு அது கண்ணில் படாமல் போகாது.

உலாவிக்கு ஃபயர்ஃபாக்ஸ், அதோடு யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான். பழைய கணினியில் ரேமைத் தின்பதில் முதலிடம் விளம்பரங்கள் நிறைந்த பக்கங்களுக்குத்தான், இந்த ஒரு துணைநிரலின் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். டேப்களை நாலைந்தோடு நிறுத்துங்கள். வீடியோ பார்க்க விஎல்சி. யூடியூப்பை 480க்கு மேல் வைக்க வேண்டாம். வீடியோ அழைப்பைக் கைபேசிக்கே விட்டுவிடுங்கள், கோர் 2 டியோ அதற்குத் திணறும், எந்த மென்பொருளும் உதவாது. பாஸ்வேர்டுகளை வைக்க கீபாஸ்எக்ஸ்சி. பிடிஎஃப் படிப்பதற்கு மின்ட்டில் இருப்பதே போதும். ஜிம்ப் நல்ல மென்பொருள்தான், ஆனால் ஒரு படத்தின் ஓரத்தை வெட்ட அவ்வளவு பெரிய கருவி வேண்டாம்.

மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்ற ஒன்று இருக்கும். அதை இயக்கிவிட்டு, பேக்கப் முடிந்தது என்று நிறையப் பேர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அது காப்பது இயங்குதளத்தை மட்டும், உங்கள் ஆவணங்களைத் தொடுவதில்லை. ஆவணங்களுக்கு மின்ட்டிலேயே தனியாக 'பேக்கப் டூல்' இருக்கிறது, அதை வாரம் ஒருமுறை ஓட்டுங்கள்.

மென்பொருள் எதைப் போடுவதானாலும் மின்ட்டின் 'சாஃப்ட்வேர் மேனேஜர்' வழியாகவே போடுங்கள். தேடுபொறியில் பெயரை அடித்து, மேலே வரும் விளம்பர இணைப்பை அழுத்தி இறக்குவதுதான் விண்டோஸில் பல தொல்லைகளுக்கு மூலம். பிரபலமான இலவச மென்பொருள்களின் பெயரில் போலித் தளங்கள் விளம்பரம் கொடுத்தே மேலே வருகின்றன. லினக்ஸில் வைரஸே வராது என்று நீங்கள் கேள்விப்பட்டதும் முழு உண்மை இல்லை. வீட்டுக் கணினிகளைக் குறிவைக்கும் தீநிரல்கள் குறைவு, ஆன்டிவைரஸ் இல்லாமல் பெரும்பாலானோர் ஓட்டுகிறார்கள் என்பது சரி. ஆனால் வங்கியின் பெயரில் வரும் போலி மின்னஞ்சல், நீங்கள் எந்த இயங்குதளத்தில் இருக்கிறீர்கள் என்று பார்ப்பதில்லை.

இந்த வாரம் பாஸ்வேர்டு மாற்றமும் பேக்கப்பும், அடுத்த வாரம் பென் டிரைவ் சோதனை, அது திருப்தியாக இருந்த பிறகே கடைக்குப் போவது. கையில் இருக்கும் அவசர வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். நாளை மறுநாள் கெடு இருக்கும்போது இயங்குதளம் மாற்றக் கூடாது. சோதனையில் பிரின்டரோ நெட்வொர்க்கோ மக்கர் செய்தால் அதன் மாடல் எண்ணையும், திரையில் வரும் பிழைச் செய்தியை அப்படியேயும் குறித்து எனக்கு எழுதுங்கள், பார்க்கலாம்.